‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ (1941): பழைய சூப்பர்மேன் குறும்படத்தை மறுபடி பார்த்தபோது

நிழல்கோடு:

வணக்கம் நண்பர்களே. 1941 நவம்பர் 28 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ என்னும் பத்து நிமிட அனிமேஷன் படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நேற்றிரவு பார்த்தேன். முடிந்ததும் உறக்கம் வராமல் முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டேன். ஃப்ளெய்ஷர் ஸ்டுடியோ எடுத்த சூப்பர்மேன் வரிசையில் இது இரண்டாவது படம். டேவ் ஃப்ளெய்ஷர் இயக்கம், சாமி டிம்பெர்க் இசை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நெடுநேரம் ஆகாது. ஒரு விஞ்ஞானி மறைவிடம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, எண் பொறித்த ராட்சத ரோபோக்களைத் தொலைவிலிருந்து இயக்கிக் கொள்ளையடிக்கிறான். நகரில் விலைமதிப்பற்ற நகைகளின் கண்காட்சி நடக்கிறது. அங்கே ஒரு ரோபோ நுழைந்து, காவலர்கள் சுடும் குண்டுகளைப் பொருட்படுத்தாமல் நகைகளை வாரித் தன் முதுகிலுள்ள அறையில் போட்டுக்கொண்டு, இறக்கை விரித்துப் பறந்துவிடுகிறது. செய்தி சேகரிக்க வந்த லோயிஸ் லேன் அந்த அறைக்குள் ஏறி ஒளிந்துகொள்கிறாள். அவளுடன் வேலை பார்க்கும் செய்தியாளன் கிளார்க் கென்ட், அதாவது சாதாரண மனிதனாக உலவும் சூப்பர்மேன், உடை மாற்றிக்கொண்டு பின்தொடர்கிறான். மிச்சத்தை நீங்களே ஊகித்துவிடலாம்.

சிறுவனாக இருந்தபோது எனக்கு ரோபோக்கள் பிடித்திருந்தன. இப்போது பார்க்கையில் என்னை இழுத்துப் பிடித்தது எடை. இந்தப் படத்தில் எல்லாவற்றுக்கும் எடை இருக்கிறது. ரோபோ ஒவ்வோர் அடியாக நடந்து வரும்போது அது இரும்பு என்பதை நம் கண் ஏற்றுக்கொள்கிறது. பறந்துகொண்டிருக்கும் ரோபோவின் முதுகில் சூப்பர்மேன் ஏறியதும், அது உருண்டு புரண்டு அவனை உதறப் பார்க்கிறது. கதவு திறந்து நகைகள் கொட்டுகின்றன. அவன் மின்கம்பிகளின் மேல் போய் விழுந்து சிக்கிக்கொள்கிறான். அந்தச் சில நொடிகளில் இரண்டு பெரும் உடல்கள் காற்றில் மல்லுக்கட்டுவதை நாம் உணர்கிறோம். இன்று கணினி வரைகலையில் கோபுரங்கள் சரிகின்றன, கிரகங்கள் உடைகின்றன, ஆயினும் எதுவும் கனக்கவில்லை என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. கையால் வரைந்த ஒரு படம், அதுவும் நம் தாத்தாக்களின் காலத்துப் படம், அந்தக் கனத்தை எப்படிக் கொண்டுவந்தது என்பதுதான் என் கேள்வி.

கதை வெறும் சாக்கு, ஓவியமே படம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பழம்படப்பெட்டி:

நல்ல இழை தொடங்கினீர்கள். கனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வரைகலை தெரிந்தவர்கள் வந்து பதில் சொல்லட்டும். என்னிடம் இருப்பது கணக்குப் புத்தகத்தின் பதில்.

ஃப்ளெய்ஷர் சகோதரர்கள் அதுவரை பெட்டி பூப், பாப்பை போன்ற வேடிக்கைப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றவர்கள். எலும்பே இல்லாததுபோல் வளையும் கைகால், தாளத்துக்கு ஆடும் வீடு, பேசும் கடிகாரம் ஆகியவைதான் அவர்களுடைய உலகம். 1938-இல் காமிக்ஸ் புத்தகத்தில் அறிமுகமான சூப்பர்மேன் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பெரும் புகழ் அடைந்ததும், பாரமவுண்ட் நிறுவனம் அவனைத் திரைக்குக் கொண்டுவரச் சொல்லி இவர்களிடம் வந்தது. மனித உடலை உள்ளபடி வரைவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்த டேவ் ஃப்ளெய்ஷர், ஒரு படத்துக்கு ஒரு லட்சம் டாலர் ஆகும் என்று சொன்னாராம். அவ்வளவு கேட்டால் தாமாகவே திரும்பிப் போய்விடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. அவர்களோ பேரம் பேசி, முதல் படத்துக்கு 50,000 டாலர் என்று முடித்துவிட்டார்கள். இன்றைய மதிப்பில் அது பத்து லட்சம் டாலரைத் தாண்டும். அடுத்து வந்த படங்களுக்கு ஏறக்குறைய 30,000 டாலர் வீதம் கிடைத்தது. பத்து நிமிடப் படத்துக்கு அந்தக் காலத்தில் இது கேள்விப்படாத தொகை.

1941 செப்டம்பர் 26 அன்று வெளியான முதல் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்று, டிஸ்னியின் ப்ளூட்டோ படமொன்றிடம் தோற்றது. நீங்கள் பார்த்தது இரண்டாவது படம். அதாவது பணமும் இருந்தது, முதல் படத்தில் கற்ற பாடமும் இருந்தது. மொத்தம் 17 படங்களில் முதல் ஒன்பதுதான் ஃப்ளெய்ஷர் பெயரில் வந்தவை. 1942-இல் பாரமவுண்ட் ஸ்டுடியோவைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. மீதி எட்டும் ஃபேமஸ் ஸ்டுடியோஸ் என்ற பெயரில் வந்தன.

இதில் ஒரு சோகமும் உண்டு. இந்தப் படங்கள் உருவான இடம் நியூயார்க் அன்று. 1937-இல் ஐந்து மாதம் நீடித்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, சகோதரர்கள் தங்கள் ஸ்டுடியோவை மயாமிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். வானுயர்ந்த கட்டடங்களும் அவற்றின் இடுக்குகளில் விழும் நீண்ட நிழல்களுமாக நாம் திரையில் காணும் அந்த மாநகரம், தென்னையும் வெயிலுமான ஃப்ளாரிடாவில் உட்கார்ந்து வரையப்பட்டது. அண்ணன் மேக்ஸும் தம்பி டேவும் அப்போது முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத நிலையில் இருந்தார்கள்.

ரேவதி:

நிழல்கோடு அவர்களே, கதை வெறும் சாக்கு என்ற இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

ரோபோ நகைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு திரும்பும் அந்தக் கணத்தை எண்ணிப் பாருங்கள். கிளார்க் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அலுவலகத்துக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறான். காவலர்கள் சுட்டுச் சலித்துவிட்டார்கள். கூட்டம் சிதறி ஓடுகிறது. ஒரே ஒருத்தி மட்டும் இரும்பு அசுரனை நோக்கி ஓடி, அதன் முதுகுக்குள் ஏறிக்கொள்கிறாள். அவளை யாரும் கடத்தவில்லை. இதற்குப் பின் நடக்கும் எல்லாமே அவளுடைய அந்த முடிவிலிருந்து பிறப்பவை. அவள் உள்ளே இருப்பதால்தான் சூப்பர்மேன் அந்த ரோபோவைத் தாறுமாறாக அடித்து நொறுக்க முடியாமல் தடுமாறுகிறான். ஊடுருவும் பார்வையால் இரும்புக்குள் அவளைக் கண்ட பிறகு, கதவைத் திறந்து அவளை மீட்கவே பார்க்கிறான். நீங்கள் மெச்சிய அந்த மல்லுக்கட்டு வந்ததே கதையால்தான். அவள் மட்டும் உள்ளே இல்லையென்றால் ஒரே குத்து. படம் நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இறுதிக் காட்சியும் அப்படியே. விஞ்ஞானி அவளைக் கட்டி, கொதிக்கும் உலோகக் குழம்பின் மேல் தொங்கவிடுகிறான். மீட்கப்பட்டு வந்தவள் அழுதுகொண்டிராமல் செய்தி எழுதுகிறாள். செய்தி நன்றாக வந்திருக்கிறது என்று கிளார்க் பாராட்டுகிறான். அதற்கு அவள் எல்லாப் புகழையும் சூப்பர்மேனுக்கே கொடுத்துவிடுவது எனக்குச் சற்று உறுத்தல்தான். உள்ளே ஏறி ஒளிந்தது யார்?

ஆபத்தில் சிக்கிய பெண்ணை ஆண் வந்து மீட்கும் பழைய வாய்பாடு இதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 17 படங்களிலும் அநேகமாக அது திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அவள் ஆபத்தில் சிக்குவது வேலையின் மீதுள்ள வெறியால். அதனால்தான் இன்று பார்க்கும்போதும் அவளைப் பார்த்து எனக்குக் கூச்சம் வருவதில்லை.

கோட்டோவியன்:

அனிமேஷன் என் தொழில். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை ஆண்டுதோறும் போட்டுக் காட்டுகிறேன். ஆகவே எடை பற்றிய கேள்விக்கு என்னால் முடிந்த அளவு பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். இந்தப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், “அதெல்லாம் ரோட்டோஸ்கோப், ஆளை நடிக்கவைத்துப் படம் பிடித்து அதன் மேல் வரைந்தது” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ரோட்டோஸ்கோப் கருவி மேக்ஸ் ஃப்ளெய்ஷரின் கண்டுபிடிப்பு என்பது உண்மை; 1915-இல் விண்ணப்பித்து 1917-இல் காப்புரிமை பெற்றார். தம்பி டேவுக்குக் கோமாளி உடை போட்டு ஆடவைத்துப் படம் எடுத்துத்தான் கோகோ என்ற பாத்திரத்தையே உருவாக்கினார்கள். ஆனால் சூப்பர்மேன் படங்களில் அந்த முறையை அளவோடுதான் கையாண்டார்கள். பறக்கிற மனிதனையும், இறக்கை முளைத்த ரோபோவையும் எங்கே நிறுத்திப் படம் பிடிப்பது? நமக்குப் பிடித்த காட்சிகள் எல்லாம் வெறும் கையும் பென்சிலுமாக வந்தவை.

அப்படியானால் கனம் எங்கிருந்து வருகிறது? நாம் ஒரு மூட்டையைத் தூக்கும்போது கை உடனே மேலே போவதில்லை. முதலில் முழங்கால் மடங்குகிறது, முதுகு இறங்குகிறது, கால் விரல்கள் தரையைப் பற்றுகின்றன. பிறகுதான் மூட்டை நகர்கிறது. சூப்பர்மேன் எழும்பும் ஒவ்வொரு முறையும் உடல் அப்படி ஒடுங்கி, பிறகு விரிவதைக் கவனியுங்கள். எழும்பிய பின்னும் அங்கி உடனே பின்தொடர்வதில்லை. ஓரிரு ஃபிரேம் தாமதித்துத்தான் வருகிறது. இந்தத் தாமதம்தான் துணிக்கு ஒரு கனத்தையும் உடலுக்கு வேறொரு கனத்தையும் தருகிறது. பாப்பை படத்தில் குத்து விழுந்தால் உடல் ரப்பர்போல் நீளும். இங்கே நீளாது, குத்தியவனின் தோள்தான் அதிரும். அதே ஓவியர்கள், அதே மேசை. கை மட்டும் வேறொரு இலக்கணத்துக்குப் பழகியிருக்கிறது.

இரண்டாவது சங்கதி நிழல். ஒரு சாதாரண கார்ட்டூனில் முகத்துக்கு ஒரு வண்ணம், சட்டைக்கு ஒரு வண்ணம் என்று தீட்டிவிட்டு அடுத்த செல்லுக்கு (உருவத்தை வரையும் ஒளிபுகும் தாள்) போய்விடலாம். இங்கே முகத்தில் ஒளிபடும் பகுதிக்கு ஒன்று, நிழல் படியும் பகுதிக்கு ஒன்று என்று தனித்தனியாக எல்லை கட்டித் தீட்டியிருக்கிறார்கள். உருவம் நகரும்போது அந்த எல்லையும் கூடவே நகர வேண்டும். இல்லாவிட்டால் முகத்தில் பூச்சி ஊர்வதுபோல் இருக்கும். பத்து நிமிடப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் 14,400 ஃபிரேம்கள். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்திக்கொள்வது வழக்கம்தான் என்றாலும், ஒரே காட்சியில் இரண்டு மூன்று உருவங்கள் அடுக்கடுக்காக இருந்தால் வேலை எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பழம்படப்பெட்டி அய்யா சொன்ன 30,000 டாலரில் பெரும்பகுதி இந்த நிழல் எல்லைக்கே போயிருக்கும் என்பது தொழில்காரனாக என் ஊகம்.

ஒரு சிறு காட்சியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். விஞ்ஞானி கொதிக்கும் உலோகத்தை மேலிருந்து ஊற்றுகிறான். சூப்பர்மேன் லோயிஸைத் தன் அங்கிக்குள் போர்த்திக்கொண்டு குனிந்து நிற்கிறான். குழம்பு அங்கியின் மேல் விழுந்து வழிகிறது. இங்கே அவன் அசைவது மிகமிகக் குறைவு. அசையாமல் நிற்கிற உருவத்துக்குக் கனம் கொடுப்பதுதான் எங்கள் தொழிலில் மிகக் கடினம். பிள்ளைகளிடம் நான் அந்த இடத்தில்தான் படத்தை நிறுத்திவைத்துப் பேசுவேன்.

வானொலிப்பிரியன்:

கோட்டோவியன் எழுதியதைப் படித்தபின் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சூப்பர்மேன் முதன்முதலில் பறந்ததே இந்த அனிமேஷன் படங்களில்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தொடக்ககாலக் காமிக்ஸில் அவன் தாவுவான், பறக்க மாட்டான். தாவித் தாவிச் செல்வதை வரைந்து பார்த்தபோது வேடிக்கையாக இருந்ததால், பறக்கவைக்க அனுமதி கேட்டுப் பெற்றார்கள் என்பது கதை. அனுமதி கேட்டது சரியாகவே இருக்கலாம். ஆனால் 1940 பிப்ரவரி 12 அன்று தொடங்கிய சூப்பர்மேன் வானொலித் தொடரில் அவன் ஏற்கெனவே காற்றைக் கிழித்துக்கொண்டு வானில் போய்க்கொண்டிருந்தான். வானொலியில் தாவுவதற்கும் பறப்பதற்கும் வேறுபாடு காட்டப் படம் வரைய வேண்டியதில்லை. ‘உஸ்ஸ்’ என்ற ஓசையே போதும். ஆகவே காதில் பறந்தவனைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் ஃப்ளெய்ஷர்கள் என்று சொல்வதே பொருத்தம்.

குரலும் அங்கிருந்தே வந்தது. பட் காலியர், ஜோன் அலெக்சாண்டர் இருவரும் வானொலியில் கிளார்க்காகவும் லோயிஸாகவும் பேசியவர்கள், படத்திலும் அவர்களேதான். “இது சூப்பர்மேன் செய்ய வேண்டிய வேலை” என்று கிளார்க் சொல்லும் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வரியின் தொடக்கத்தில் கிளார்க்கின் மெல்லிய குரல். நடுவிலேயே குரல் ஒரு படி கீழே இறங்கி, முடியும்போது வேறோர் ஆள் பேசுகிறான். கண்ணாடியைக் கழற்றியதும் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போவதை நம் அறிவு ஏற்காது. ஆனால் அந்தக் குரல் மாற்றத்தைக் காது ஏற்றுக்கொள்கிறது. முகமூடியே இல்லாத ஒருவனுக்குக் காலியர் குரலால் முகமூடி செய்துகொடுத்தார்.

தணிகை:

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு சிறு குறுக்கீடு. சூப்பர்மேன் என்றதும் நினைவுக்கு வரும் தொலைபேசிக் கூண்டு முதன்முதலில் வந்தது இந்தப் படத்தில்தான் என்று சொல்கிறார்கள். முதல் படத்தில் அவன் அலுவலகத்தின் சரக்கறையில் போய் உடை மாற்றுவான். எனக்கு விளங்காதது இதுதான்: மாநகரத்தின் நடுவே நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டுக்குள் நின்று உடை மாற்றுவது என்ன வகை இரகசியம்? எங்கள் தெரு முனையில் இருந்த எஸ்டிடி பூத்தில் சட்டைப் பொத்தானை அவிழ்த்திருந்தாலே ஊர் கூடியிருக்கும்.

நிழல்கோடு:

தணிகை தம்பி, அந்தக் கூண்டு அங்கே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவன் ஒளிந்துகொள்ள இடம் தேடிப் போகவில்லை. செய்தியாளனாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்த்தால் லோயிஸைக் காணோம், நின்ற இடத்திலேயே மாற வேண்டியதாயிற்று. தொழிலின் நடுவே வந்த அவசரம் அது. பின்னால் வந்தவர்கள் அந்தத் தேவையை மறந்துவிட்டுக் கூண்டை மட்டும் சடங்காகப் பிடித்துக்கொண்டார்கள். 1978-இல் வந்த திரைப்படத்தில் கிளார்க் ஓடிவந்து, தலையளவுக்கு மட்டும் மறைப்பிருக்கும் திறந்த தொலைபேசியை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்வானே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ரேவதி அவர்களுக்கு: நீங்கள் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இப்போதைக்கு என் கட்சியில் ஒரு விரிசல் விழுந்திருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சோமு:

நண்பர்கள் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கசப்பான ஒன்றை எடுத்துவைப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். இந்த வரிசையைப் புகழ்ந்து பேசுவோர் எல்லோரும் முதல் ஒன்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அது தற்செயல் அன்று.

நீங்கள் பேசும் படம் வெளியான ஒன்பதாம் நாள், டிசம்பர் 7 அன்று, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைச் சப்பான் தாக்கியது. அமெரிக்கா போருக்குள் இறங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த ‘ஜாப்போட்டியர்ஸ்’ படத்தின் தலைப்பே ஒரு வசவு. சப்பானியர்களைக் குறிக்கும் இழிசொல்லையும் நாசவேலைக்காரர் என்பதற்கான சொல்லையும் ஒட்டிச் செய்தது. படத்தில் வில்லன் அமெரிக்காவில் அலுவலகப் பணி செய்யும் சப்பானியன். சுவரில் மாட்டியிருக்கும் சுதந்திர தேவியின் படத்தை அவன் திருப்பினால், மறுபக்கம் சப்பானின் உதயசூரியக் கொடி. அதாவது பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவனை நம்பாதே என்பதே படத்தின் செய்தி. அந்த ஆண்டிலேயேதான் ஏறத்தாழ 1,20,000 சப்பானிய வம்சாவளியினரை வீடுவாசலிலிருந்து கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். திரையரங்கில் பத்து நிமிடம் ஓடிய ஒரு கார்ட்டூனை அந்த வேலியிலிருந்து என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 1943-இல் வந்த ‘ஜங்கிள் டிரம்ஸ்’ படத்தில் ஆப்பிரிக்கர்களை வரைந்திருக்கும் விதத்தைப் பற்றி இங்கே எழுதவே கை வரவில்லை.

போருக்கு முன் வில்லன் யார் என்று பாருங்கள். பெயரில்லாத விஞ்ஞானி, பெயரில்லாத கொள்ளையன். எந்த இனத்தின் முகமும் அவனுக்கு இல்லை. இந்தப் படத்தை நாம் இன்று மனச்சுமை இல்லாமல் இரசிக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃப்ளெய்ஷர் பெயரில் வந்தவை எல்லாம் தூய்மை என்றும் சொல்ல வரவில்லை. 1942 மே மாதம் வந்த ‘எலெக்ட்ரிக் எர்த்குவேக்’ படத்தில் வில்லன் ஓர் அமெரிக்கப் பழங்குடி விஞ்ஞானி. மன்ஹாட்டன் தீவு தன் மக்களுக்குச் சொந்தம், திருப்பிக் கொடுங்கள் என்பது அவன் கோரிக்கை. அந்தக் கோரிக்கையின் நியாயத்தைப் படம் ஒரு நொடிகூட எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவனை ஒரு கோமாளியாக ஆக்காமல் கம்பீரமாகவே வரைந்திருக்கிறார்கள். நான்கு மாத இடைவெளியில் வந்த இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், போர் ஓவியனின் கையை என்ன செய்கிறது என்று தெரியும்.

கோட்டோவியன்:

சோமு சொல்வதை ஏற்கிறேன். பயிற்சியில் பிற்காலப் படங்களை நான் காட்டுவதில்லை. காட்டிப் பேசியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. தொழில் நுணுக்கம் அவற்றிலும் குறையவில்லை என்பதுதான் சங்கடம். நிழலை அதே அக்கறையோடு தீட்டித்தான் அந்த முகங்களையும் வரைந்திருக்கிறார்கள்.

பழம்படப்பெட்டி:

பிரிண்ட் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நிழல்கோடு எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. இந்தப் படங்களைப் பொறுத்தவரை அது பெரிய கேள்வி.

இவற்றின் பதிப்புரிமை உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாததால் 1960-களின் இறுதியிலிருந்து பொதுச்சொத்தாகிவிட்டன. அதன் பயனாக உலகெங்கும் யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்றார்கள். கல்லூரிக் காலத்தில் நடைபாதைக் கடை ஒன்றில் முப்பது ரூபாய்க்கு நான் வாங்கிய விசிடியில் ஏழு சூப்பர்மேன் படங்கள் இருந்தன. பிரதிக்குப் பிரதி எடுத்து எடுத்து, சூப்பர்மேனின் நீல உடை சாம்பல் நிறமாகவும், சிவப்பு அங்கி அழுகிய தக்காளி நிறமாகவும் மாறியிருந்தன. நிழல் எல்லாம் ஒரே கரும்பட்டை. பல ஆண்டுகள் அதைத்தான் ஃப்ளெய்ஷர்களின் ‘இருண்ட பாணி’ என்று எண்ணி வியந்துகொண்டிருந்தேன்! பின்னாளில் மூலப் படச்சுருளிலிருந்து சீர்செய்த பிரதியைப் பார்த்தபோதுதான், நான் வியந்ததில் பாதி அழுக்கு என்று தெரிந்தது. அந்தக் காலத்து வண்ணப்பட முறையான டெக்னிகலரின் மஞ்சளும் ஆரஞ்சும் அந்த உலோக உலைக் காட்சியில் எப்படிக் கொழுந்துவிட்டு எரிகின்றன தெரியுமா?

மிகையாகச் சீர்செய்தாலும் கெடுதல்தான். படச்சுருளுக்கே உரிய நுண்மணிகளைக் கணினியால் துடைக்கப் போய், கூடவே ஓவியனின் மெல்லிய கோடுகளையும் துடைத்துவிடும் பிரதிகள் இப்போது வருகின்றன. துடைத்துவைத்த முகத்தில் கோட்டோவியன் சொன்ன நிழல் எல்லை பிளாஸ்டிக் ஒட்டுப்போல் தெரிகிறது. நான் சற்று மணி தெரியும் பிரதியையே விரும்புகிறேன்.

இன்னொன்று: படங்கள் பொதுச்சொத்து என்பதால் சூப்பர்மேனும் பொதுச்சொத்து என்று எண்ணி யாரும் புதுப்படம் எடுக்கக் கிளம்பிவிட வேண்டாம். 1938-இல் வெளியான முதல் காமிக்ஸ் அமெரிக்கச் சட்டப்படி 2034 ஜனவரியில்தான் பொதுவுக்கு வருகிறது.

ரேவதி:

இந்த ரோபோக்கள் பசிபிக் கடலைத் தாண்டிப் போன கதையையும் சேர்த்துவிடுகிறேன். சப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவ் மியாசாகி 1980-இல் ‘லூபன்’ என்ற அனிமேஷன் தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியை ‘தெருகி த்சுதொமு’ என்ற புனைபெயரில் இயக்கினார். அதில் பறக்கும் ரோபோ ஒன்று நகைக் கொள்ளையில் இறங்குகிறது. தோற்றமும் செயலும் நம் படத்தை அப்பட்டமாக நினைவூட்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, அந்த ரோபோவுக்குள் உட்கார்ந்திருப்பது ஓர் இளம்பெண். லோயிஸ் ஒளிந்துகொண்ட இடத்தில் மியாசாகி ஒரு பெண்ணை உட்காரவைத்து விசையையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அவர் எடுத்த ‘லாப்யூட்டா’ படத்தில் வரும் ரோபோ அதே குடும்பத்துப் பிள்ளைதான்; கொள்ளையை விட்டுவிட்டுப் பறவைக் கூட்டைக் காக்கிறது.

தணிகை:

ரேவதி அக்கா, அந்தப் பகுதியை இன்றே தேடிப் பார்க்கிறேன். நான் இதுவரை லாப்யூட்டா ரோபோவை மியாசாகியின் சொந்தக் கற்பனை என்றே நினைத்திருந்தேன்.

நிழல்கோடு:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி மறுபடியும் பார்த்தேன்; இம்முறை ஒரு சோதனையும் செய்தேன். முதலில் ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ரோபோவின் நடையில் நான் உணர்ந்த கனத்தில் கணிசமான பங்கு டிம்பெர்க்கின் இசையிலும் காலடி ஓசையிலும் இருந்திருக்கிறது. ஒலி இல்லாதபோது இரும்பு தகரமாகிவிட்டது. அடுத்து, ரேவதி சொன்னதைச் சோதிக்க, ரோபோவும் சூப்பர்மேனும் வானில் மோதும் காட்சியை மட்டும் தனியாக வெட்டி, கதை எதுவும் தெரியாத என் மகளுக்குக் காட்டினேன். எட்டு வயது. “ஏன்ப்பா அந்த மாமா அதை அடிக்காமலே இருக்கிறார்?” என்று கேட்டாள். முதலிலிருந்து காட்டிய பிறகு, அதே காட்சி வந்தபோது கேள்வி கேட்கவில்லை. “அந்த அக்கா விழுந்துடுவாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே கதை வெறும் சாக்கு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சோமு எழுதியது மனத்தில் தங்கிவிட்டது. ‘எலெக்ட்ரிக் எர்த்குவேக்’ பற்றித் தனி இழை அவர் தொடங்கினால் நானும் வருகிறேன். அதற்கு முன், எடை பற்றிய பேச்சைத் தொடர விரும்புவோர் 1942 ஜனவரியில் வந்த மூன்றாவது படமான ‘பில்லியன் டாலர் லிமிடெட்’டைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் தங்கம் ஏற்றிச் செல்லும் இரயிலைச் சூப்பர்மேன் கையால் இழுக்கிறான். எளிதாக இழுத்துவிடவில்லை என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

கோட்டோவியன்:

அந்த இரயில் காட்சியில் தோள்களைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எழுதுகிறேன்.